ஏற்றம் எத்தனை பாகை? மிதிவண்டிப் பாதை வழியே ஒரு சாய்வுப் பாடம்

நியூசிலாந்தின் தென்தீவில், மலைகள் சூழ்ந்த ஒடாகோ பகுதியில், 152 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சரளைப் பாதை இருக்கிறது. கிளைட் என்னும் ஊரில் தொடங்கி மிடில்மார்ச் என்னும் ஊரில் முடிகிறது. காரோ லாரியோ அதில் வருவதில்லை. மிதிவண்டி ஓட்டுபவர்களும் நடப்பவர்களுமே செல்கிறார்கள். பந்தய வீரர்கள் மட்டுமல்ல, தாத்தா பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும்கூட நாலைந்து நாளில் அதைக் கடந்துவிடுகிறார்கள். மலை நாட்டில் இது எப்படி முடிகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பத்தாம் வகுப்பில் சாய்வையும் முக்கோணவியலையும் சேர்த்து மூன்று பாடவேளைகள் நடத்தினேன். அந்தப் பாதையில் நான் சென்றதில்லை. கரும்பலகையில் வரைந்த ஒரு வரைபடமும் சில எண்களும் போதுமானவையாக இருந்தன.

விடை எளிது: அது பழைய ரயில் பாதை. 1879-இல் வேலை தொடங்கி, 1891-இல் மிடில்மார்ச்சையும் 1907-இல் கிளைட்டையும் எட்டியது. சாலைப் போக்குவரத்து பெருகியபின் ரயிலுக்கு வேலை குறைந்தது. 1990-இல் இந்தப் பகுதியை மூடி, தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலத்தைப் பெற்று, பெரிய ஜல்லியின் இடத்தில் நுண்சரளை பரப்பி, பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் அமைத்தது. 2000-இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. ரயில் நின்றதும் களையிழந்திருந்த சிற்றூர்களில் இன்று தங்கும் விடுதிகளும் உணவகங்களும் நடக்கின்றன. சமூக அறிவியல் ஆசிரியர் விரும்பினால் இதையே தனிப் பாடமாக்கலாம்.

கணக்கு ஆசிரியருக்கு வேண்டியது வேறு. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் எளிதாக உருளும். ஏற்றத்தில் அதே எளிமை வழுக்கலாகிவிடும். அதனால் ரயில் பொறியாளர்கள் இந்தப் பாதையில் 50 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் ஏற்றம் வைக்கவில்லை. குன்று குறுக்கிட்டால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் நிரப்பினார்கள். பூல்பர்ன் பள்ளத்தாக்கில் சுரங்கம் குடைந்து, 37 மீட்டர் உயரத்தில் பாலம் கட்டினார்கள். டைகர் ஹில் என்ற இடத்தில் பாதை நேரே ஏறாமல் பெரிய வளைவுகளாகச் சுற்றிப் போகிறது. நிலக்கரி எஞ்சினுக்காகச் செய்த அந்த ஏற்பாடு நூறாண்டு கழித்து மனிதக் கால்களுக்கு உதவுகிறது.

வகுப்பில் முதலில் கேட்டேன்: "மலை ஏறும் ரயில் பாதை தரையோடு எத்தனை பாகை கோணத்தில் இருக்கும்?" பெரும்பாலோர் 30 என்றார்கள், சிலர் 45. வேறென்ன சொல்வார்கள்? நம் பயிற்சிக் கணக்குகளில் 30, 45, 60 தவிர வேறு கோணம் அரிதாகத்தானே வருகிறது! பிறகு அட்டவணையைத் திறக்கச் சொன்னேன். 1/50 என்றால் 0.02. டேன் மதிப்பு 0.02 ஆகும் கோணம் 1 பாகை 9 கலை. அடுத்து நம் நீலகிரி மலை ரயில். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறத்தாழ 12.5-க்கு 1. வழுக்காமல் ஏறப் பல்சக்கரமும் பல் வைத்த தண்டவாளமும் அங்கே தேவைப்படுகின்றன. அதன் கோணம் எவ்வளவு? நாலரை பாகையைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். எண்ணைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்த சலசலப்பு அடங்கச் சற்று நேரமானது.

அடுத்த பாடவேளைக்கு அறிவியல் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டேன். ஆளும் வண்டியும் பையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1/50 ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 16 நியூட்டன். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான எடையைத் தூக்கிப் பிடிப்பது போல. 12.5-க்கு 1 ஏற்றத்தில் அது 63 நியூட்டன்; ஆறு கிலோவுக்கும் மேல். இப்போது இரண்டிலும் 10 மீட்டர் உயரம் ஏறச் சொல்லுங்கள். முதல் பாதையில் 500 மீட்டர் போக வேண்டும், இரண்டாவதில் 125 மீட்டர் போதும். விசையைத் தொலைவால் பெருக்கினால் இரண்டிலும் ஏறத்தாழ 7840 ஜூல்தான். சுற்றிப் போனால் வேலை குறைகிறது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். குறைவது விசை மட்டுமே. சரளையின் உராய்வையும் சேர்த்தால் நீண்ட பாதையில் மொத்த வேலை கொஞ்சம் கூடுகிறது. இந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இன்னொரு நல்ல கேள்வி சராசரி பற்றியது. பாதையின் இரு முனைகளும் சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கிட்டத்தட்ட நடுவில் வரும் உச்சி 618 மீட்டர். அப்படியானால் கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் ஏற்றம்தான். ஆனால் டைகர் ஹில் பக்கம் அது 20 மீட்டர் வரை ஆகிறது. சராசரியை மட்டும் நம்பிப் புறப்பட்டவர் அங்கே மூச்சு வாங்குவார். எதிர்க்காற்று எந்த உயர வரைபடத்திலும் தெரியாது என்பதையும் சொல்லி வைத்தேன்.

தொடக்க வகுப்புகளுக்கு எண்கள் வேண்டாம். ஒரு பலகை, சில புத்தகங்கள், ஒரு பொம்மை வண்டி, வண்டியில் கட்டிய ரப்பர் வளையம் போதும். புத்தகங்களைக் கூட்டக் கூட்ட, வண்டியை இழுக்கும்போது ரப்பர் எவ்வளவு நீள்கிறது என்று குழந்தைகளே பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்பென்றால் நீளத்தை அளவுகோலால் அளந்து எழுதலாம்.

மூன்றாம் பாடவேளை வெளியில். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயையும் அளவு நாடாவையும் கொடுத்து, பள்ளியின் சாய்தளத்தை அளக்கச் சொன்னேன். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. மலை ரயிலுக்குப் பல்சக்கரம் தேவைப்படும் அதே ஏற்றம் இது என்பதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். எங்கள் சாய்தளத்தின் உயரம் 45 சென்டிமீட்டர். தரையில் அதன் நீளம் 3 மீட்டர் 15 சென்டிமீட்டர். அதாவது 7-க்கு 1. எட்டாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவி இருக்கிறாள். அவள் ஏன் ஒவ்வொரு நாளும் பின்னால் தள்ள ஒருவரைத் தேடுகிறாள் என்பதற்கு இப்போது ஓர் எண் கிடைத்தது.

12-க்கு 1 வேண்டுமானால் 5 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளம் தேவை. நேராகப் போட்டால் 5 மீட்டரில் வேப்பமரம் இடிக்கிறது. மரத்தை வெட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாணவன் டைகர் ஹில் வளைவைக் காட்டினான். 3 மீட்டர் ஏறி, ஒன்றரை மீட்டர் சமதளத்தில் திரும்பி, மீதி 2 மீட்டர் 40 சென்டிமீட்டரை ஏறும்படி சாய்தளத்தை மடித்துவிடலாம் என்றான். அவர்கள் அளவுகளோடு வரைந்த படத்தைத் தலைமையாசிரியர் பார்த்தார். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அந்த மாணவனும் சக்கர நாற்காலியில் வரும் மாணவியும் சேர்ந்து அதை விளக்கப்போகிறார்கள்.