சுவரோடு படரும் பழமரங்கள்

குளிர்நாடுகளில் ஆப்பிள், பேரி முதலிய மரங்களைச் சுவரையோ கம்பி வேலியையோ ஒட்டித் தட்டையாகப் படரவிடுவதுண்டு. இம்முறைக்கு எஸ்பாலியர் என்று பெயர். பிரான்சில், வெர்சாய் அரண்மனையின் காய்கனித் தோட்டத்தை 1678 முதல் 1683 வரை அமைத்த லா கேந்தினி இதனைத் திறம்படக் கையாண்டார். பாரிஸை அடுத்த மோந்த்ரேயில் ஜிப்சச் சாந்து பூசிய சுவர்களின்மேல் பீச் மரங்கள் வளர்க்கப்பெற்றன. பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் இரவில் மெல்ல வெளியிடுவதால், பூக்கள் உறைபனிக்குத் தப்பின.

இதனை வெறும் அலங்காரம் எனக் கருதுவோர் உண்டு. நிமிர்ந்த கிளையின் நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் பொருள் கீழிறங்கி, பக்க மொட்டுகளை அடக்கிவைக்கும். கிளையைச் சாய்த்தால் நுனியின் ஆதிக்கம் தளர்ந்து, நீள்வளர்ச்சி குன்றி, கிளை நெடுகப் பூமொட்டுகள் அமைய வழி பிறக்கிறது.

ஓராண்டுக் கன்றைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி நடவேண்டும். தரைக்கு மேல் சுமார் 40 செ.மீ. உயரத்தில் முதற் கம்பியும், அதே இடைவெளியில் ஏனையவும் இழுத்துக் கட்டப்பெறும். குளிர்கால ஓய்வின்போது கன்றை முதற் கம்பிக்குச் சற்று மேலே, நல்ல மொட்டுகள் மூன்று எஞ்சுமாறு வெட்டுக. வசந்தத்தில் எழும் தளிர்களுள் நடுத்தளிர் நேராக ஏறட்டும். மற்ற இரண்டையும் மூங்கிற் குச்சியில் பிணைத்து, கோடை முழுதும் 45 பாகைச் சாய்வில் வைத்திருத்தல் வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். இளந்தளிரை உடனே கிடையாகக் கட்டினால் வளர்ச்சி தடைப்பட்டு, அவ்வடுக்கு குறையாகவே நின்றுவிடும். இரு கைகளில் ஒன்று நலிந்திருப்பின் அதனைச் சற்று நிமிர்த்தி, வலியதைத் தாழ்த்தினால் நாளடைவில் சமமாகும். இலையுதிர்காலத்தின் இறுதியில் இரண்டையும் மெல்லக் கம்பியோடு கட்டலாம். அடுத்த அடுக்கு அடுத்த ஆண்டில்.

கிடைக்கிளைகளின்மேல் எழும் தளிர்களைக் கோடையின் பிற்பகுதியில் (பிரிட்டனில் இது ஆகஸ்டு மாதம்) அடியிலுள்ள இலைக்கொத்துக்கு மேல் மூன்று இலைகள் நிற்குமாறு குறுக்குதல் வேண்டும். நுனியில் காய்க்கும் ரகங்கள் இதற்கு ஆகா. கவாத்தோடு காய்ப்பும் போய்விடும். முந்தைய ஆண்டின் கிளையில் காய்க்கும் பீச்சுக்கு விசிறி வடிவமே ஏற்றது. எம்.எம்.106 வேர்ச்செடியில் ஒட்டிய ஆப்பிளுக்கு 4 முதல் 5 மீட்டர் இடைவெளி தேவை.

காசுமீரம், இமாசலப் பிரதேசம் ஆகியவற்றில் பரவிவரும் அடர்நடவு ஆப்பிள் தோட்டங்களிலும், மரவடிவம் வேறாயினும், கிளையைத் தாழ்த்தும் இக்கொள்கையே பயன்படுகிறது. சமவெளிக்கு இதனை அப்படியே கொண்டுசெல்லலாகாது. ஆப்பிளுக்குரிய குளிர் அங்கில்லை. மேற்குச் சுவரின் வெப்பம் இலையைக் கருக்கிவிடும். எனினும் சமவெளிப் பள்ளிகளில் ஆசிரியர் கொடி ரோஜாவைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒரே செடியின் நீண்ட தளிர்கள் இரண்டில் ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைக் கிடையாகவும் கட்டி, ஒவ்வொன்றிலும் முளைக்கும் பக்கத்தளிர்களை மாணவர் வாரந்தோறும் எண்ணிக் குறித்துவருக.