மரபணு தரும் இரு விடைகள்

கொல்கத்தாவின் தென்மேற்கே உள்ள பெஹாலா, 1984ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அப்பகுதிக் குடும்பம் ஒன்று மரபணு பற்றிய வினாவை இரு இடங்களில் எதிர்கொள்ள நேரிடலாம். மருத்துவமனையில், 'பிறக்கும் குழந்தைக்கு நோய் வருமா?' என்பது வினா. அலிப்பூர் நீதிமன்றத்தில், 'குழந்தையின் தந்தை யார்?' என்பது வினா. இரண்டிற்கும் விடை, மனிதருக்கு மனிதர் வேறுபடும் மரபணுவில் உள்ளது. எனினும் இவ்விடைகளின் உறுதி ஒரே அளவினதன்று.

நோயும் வாய்ப்பும்

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 26ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக லைசின் அமைவதே 'ஹீமோகுளோபின் ஈ' ஆகும். இது வங்கத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. பீட்டா தலசீமியா மரபணுவும் வங்கத்தில் உண்டு. இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்வதால் விளையும் நோயைக் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் டாக்டர் ஜே. பி. சட்டர்ஜி 1950களில் ஆராய்ந்தார்.

இவற்றுள் ஒன்றை மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர். அதனை மக்களுக்குக் கடத்தக்கூடியவர் மட்டுமே. தந்தையிடம் ஒன்றும் தாயிடம் மற்றொன்றும் இருப்பின், ஒவ்வொரு கருவும் இரண்டையும் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வாறு பெற்ற குழந்தைகளுள்ளும் சிலருக்குச் சோகை லேசாக இருக்கும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். திருமணத்திற்கு முன்போ கருவுற்ற தொடக்கத்திலோ செய்யும் இரத்தப் பரிசோதனை, இந்த வாய்ப்பை முன்கூட்டியே அறிய உதவுகிறது.

தந்தைமையும் சட்டமும்

முன்னாளில் இரத்த வகையே தந்தைமைச் சோதனைக்குப் பயன்பட்டது. அது 'இவர் தந்தை அல்லர்' எனக் கூறவல்லது. 'இவரே தந்தை' எனக் கூறவல்லதன்று. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்ட டி.என்.ஏ. ரேகை முறை இக்குறையை நீக்கியது. ஹைதராபாத்தில் லால்ஜி சிங் இம்முறையை நம் நாட்டில் வளர்த்தார். குழந்தையின் டி.என்.ஏ.வில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், பல இடங்களை ஒப்பிட்டு ஏறத்தாழ ஐயமற்ற முடிவுக்கு வரலாம்.

ஆயினும் மணவாழ்வில் பிறந்த குழந்தையைக் கணவனின் குழந்தையாகவே 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கருதியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்வாறே கருதுகிறது. மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய சோதனைக்கு வழக்கம்போல் ஆணையிடலாகாது என்றும், குழந்தைக்கு நேரும் இழுக்கை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் துல்லியமான டி.என்.ஏ. முடிவு முன்வைக்கப்பட்டுவிட்டால், சட்டத்தின் அனுமானத்தைவிட அதுவே மேலோங்கும் என 2014இல் அந்நீதிமன்றமே கூறியது.

இரண்டும் சந்திக்குமிடம்

தலசீமியா பரிசோதனையில், பெற்றோர் இருவரிடமும் இல்லாத மரபணு குழந்தையிடம் காணப்படலாம். மாதிரிகள் மாறியிருக்கலாம்; அரிதாகப் புதிய திரிபும் ஏற்பட்டிருக்கலாம்; தந்தைமை பற்றிய ஐயமும் எழலாம். நோயறியச் செய்த சோதனை ஒரு குடும்பத்தைக் குலைக்கும் கருவியாகிவிடக் கூடாது. எனவே சோதனைக்கு முன் ஆலோசனை, விருப்பத்துடன் கூடிய இசைவு, முடிவைக் காக்கும் இரகசியம் ஆகிய மூன்றையும் பரிசோதனைத் திட்டங்களின் பகுதியாகவே அதிகாரிகள் கருத வேண்டும். இவை உறுதியானால்தான் மக்கள் அச்சமின்றிப் பரிசோதனைக்கு முன்வருவர். தலசீமியாத் தடுப்பும் பயன் தரும்.