முதலில் ஓய்வு, பிறகு புத்தி

"வேலைக்குப் போகணும்னாலே நெஞ்சு அடைக்குது" என்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். இது சோம்பலும் அல்ல, அவிசுவாசமும் அல்ல. வேலையிடத்தில் நீடித்த, சமாளிக்க முடியாத மன அழுத்தத்தின் விளைவு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத களைப்பு, வேலையில் வெறுப்பு, திறமை குன்றுதல்.

சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர். அதுவும் இரண்டு தரம்! பிறகுதான் பேசினார், எலிசாவையும் துணைக்குத் தந்தார்.

உங்கள் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்களா? புத்தி சொல்லுமுன் பாரத்தைக் குறையுங்கள். லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஆள் போதாவிட்டால் இன்னொருவரைச் சேருங்கள்.

சோர்ந்திருக்கிற பிள்ளையே, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். ஜெபமும் பண்ணு, போனும் பண்ணு.