அரை நிமிட ஆதாயம்

நுழையும்முன்

நெடுநாள் உழைப்பை வேண்டும் தேர்வுகளில் விளைவு ஒரே நாளில் தெரிகிறது. உழைப்போ நூற்றுக்கணக்கான நாள்களில் பரவிக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் மாணவர் எதைக் கண்டு மகிழ்வது? சட்ட நுழைவுத் தேர்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

தேர்வின் இயல்பு

மேனிலைக் கல்விக்குப்பின் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் சேர நம் மாநிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் உண்டு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாகிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கோ தனி நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். முன்பு அவை தனித்தனியே தேர்வு நடத்தின. மாணவர் பல விண்ணப்பங்களையும் பல பயணங்களையும் சுமக்க நேர்ந்தது. அச்சுமையைக் குறைக்க 2008ஆம் ஆண்டில் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு தொடங்கப்பட்டது. இதனைக் ‘கிளாட்’ எனச் சுருக்கி வழங்குவர். திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இத்தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்விலிருந்து இளநிலை வினாத்தாளில் 120 வினாக்கள். விடையளிக்க 120 நிமிடங்கள். ஆங்கில மொழி, நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும், சட்டவழி ஆய்வு, தருக்கவழி ஆய்வு, அளவியல் என்பன ஐந்து பகுதிகள். வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே அமையும். பெரும்பாலான வினாக்கள் 450 சொற்கள் வரை நீளும் பத்திகளைப் படித்து விடையளிக்க வேண்டியவை. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் கழிக்கப்படும்.

மனப்பாடம் இங்குப் பெரிதும் உதவாது. விரைந்து படித்தல், பொருளைப் பிரித்தறிதல், ஐயத்திற்குரியதை விலக்குதல் ஆகிய திறன்களே தேவை. இவை நாள்தோறும் மிகச் சிறிதளவே வளர்பவை. ஆதலால் வளர்வதும் எளிதில் தெரிவதில்லை. தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை எட்டிப் பார்க்கும் மாணவர்க்கு இந்தத் தெரியாமை பெரும் இடர். மூன்று திங்கள் உழைத்தும் மதிப்பெண் உயராதபோது, ‘இது நமக்குரியதன்று’ என்னும் எண்ணம் தலைதூக்குகிறது. திறமையின்மையால் விலகுவோரைவிட இந்த எண்ணத்தால் விலகுவோரே மிகுதி என்பது எம் கருத்து.

எதனை முன்னேற்றம் என்பது?

ஒரு மாணவி நிமிடத்திற்கு 150 சொற்கள் வீதம் ஆங்கிலப் பத்தியைப் படிக்கிறார் எனக் கொள்வோம். 450 சொற்களுக்கு அவருக்கு மூன்று நிமிடங்கள் ஆகும். சில வாரங்கள் நாள்தோறும் செய்தித்தாளின் தலையங்கத்தைப் படித்தபின் அவர் வேகம் 180 சொற்களாகிறது. அதே பத்திக்கு இப்போது இரண்டரை நிமிடங்கள் போதும். அரை நிமிடம்தானே என்று தோன்றலாம். வினாத்தாளில் இத்தகைய பத்திகள் இருபது இருப்பின், அவர் ஈட்டியது பத்து நிமிடங்கள். இரண்டு மணி நேரத் தேர்வில் இது சிறு கொடையன்று. எனினும் அவ்வாரத்து மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணில் இது தெரிய வேண்டும் என்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தவர்க்கே அது தெரியும்.

மற்றொன்றைக் காண்போம். நான்கு விடைகளுள் எது சரி என்று சிறிதும் அறியாமல் ஒன்றைக் குறித்தால், சராசரியாக ஒரு வினாவிற்குக் கிடைப்பது 0.0625 மதிப்பெண், அதாவது பதினாறு வினாக்களுக்கு ஒரு மதிப்பெண். இரண்டு விடைகள் பொருந்தா எனத் தெளிந்து, எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரி 0.375 ஆகிறது. இது முன்னதைப்போல் ஆறு மடங்கு! சரியான விடை எதுவென இன்னும் அவருக்குத் தெரியாது; ஆயினும் எவை தவறென அறியும் திறன் வந்துவிட்டது. வழக்குமன்றத்தில் வழக்குரைஞர் செய்வதும் பெரும்பாலும் இதுவே. பொருந்தாத வாதங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே பொருந்துவது புலப்படும்.

கூட்டு மதிப்பெண்ணும் எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. 120 வினாக்களுக்கும் விடையளித்து 72 சரியாகவும் 48 தவறாகவும் அமைந்தால் 60 மதிப்பெண். பின்னொரு தேர்வில் 104 வினாக்களுக்கே விடையளித்து 74 சரி, 30 தவறு எனில் 66.5 மதிப்பெண். சரியான விடைகளை மட்டும் எண்ணுபவர்க்கு இரண்டே கூடியதாகத் தோன்றும். தவறுகள் பதினெட்டுக் குறைந்தமையே உண்மையான செய்தி. மேலும், திறன் சிறிதும் மாறாத ஒருவரே அடுத்தடுத்த தேர்வுகளில் ஐந்தாறு மதிப்பெண் ஏறி இறங்குவது இயல்பு. ஆகவே ஒரு தேர்வின் ஏற்றத்தைக் கொண்டாடுவதும் ஒரு தேர்வின் இறக்கத்திற்கு வருந்துவதும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் தற்செயலுக்குச் செலுத்தும் வணக்கங்கள்.

தந்தி பயின்றோர் கண்ட சமவெளி

கற்றலில் தேக்கம் போலத் தோன்றும் காலத்தை முதன்முதலில் அளந்து காட்டியவர்களுள் அமெரிக்க அறிஞர்களான வில்லியம் லோ பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் குறிப்பிடத்தக்கவர்கள். தந்திமுறை பயில்வோரின் வளர்ச்சியை வாரந்தோறும் அளந்து 1897ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். செய்தி அனுப்பும் வேகம் சீராக உயர்ந்தது. செய்தியைக் காதால் கேட்டு எழுதும் வேகமோ ஓரளவு உயர்ந்தபின் பல வாரங்கள் சமவெளிபோல் நின்று, பின்னர் மீண்டும் ஏறியது. அந்த வாரங்கள் வீணாகவில்லை என்பது அவர்தம் விளக்கம். எழுத்தெழுத்தாகக் கேட்டவர் சொற்களாகவும், சொற்களாகக் கேட்டவர் தொடர்களாகவும் கேட்கப் பழகிக்கொண்டிருந்தனர். எல்லாக் கற்றலிலும் இத்தகைய சமவெளி வருமா என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் வேறுபட்டனர். எனினும் அயல்மொழிப் பத்தியைச் சொல் சொல்லாக மொழிபெயர்த்துப் படிக்கும் நிலையிலிருந்து கருத்துக் கருத்தாகப் படிக்கும் நிலைக்கு நகரும் நம் மாணவர்க்கு இவ்விளக்கம் மிகவும் நெருக்கமானது.

அருகிலுள்ள இலக்கு

ஆல்பர்ட் பண்டுராவும் டேல் சங்க்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் பின்தங்கிய சிறுவர்களுக்கு 42 பக்கக் கழித்தல் பயிற்சிகள் தரப்பட்டன. ஒரு குழுவிடம் ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கங்களை முடிக்குமாறு கூறினர். மற்றொரு குழுவிடம் ஏழாவது அமர்வின் இறுதிக்குள் 42 பக்கங்களையும் முடிக்குமாறு கூறினர். வேலையின் அளவு ஒன்றே. ஆயினும் அன்றன்றைய இலக்கைப் பெற்ற சிறுவர்களே திறனிலும் தன்னம்பிக்கையிலும் உயர்ந்து நின்றனர்; தாமே விரும்பிக் கணக்குப் போடும் ஆர்வமும் அவர்களிடம் மிகுந்தது. தொலைவிலிருந்த இலக்கு சிறுவர்களை அவ்வளவாக அசைக்கவில்லை.

கொண்டாட்டத்திற்கும் அளவுண்டு. 2005இல் அயலெட் ஃபிஷ்பாக், ரவி தர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், எடைக்குறைப்பில் நன்கு முன்னேறியுள்ளதாக உணர்த்தப்பட்டவர்கள் ஆப்பிளை விடுத்துச் சாக்லேட்டைத் தேர்ந்தெடுக்க மிகவும் விழைந்தனர். முன்னேறிவிட்டோம் என்னும் நிறைவே உழைப்பைத் தளர்த்தும் உரிமையாக மாறிவிடுகிறது. எனவே அரை நிமிட ஆதாயத்திற்கு ஒருநாள் விடுமுறை எடுப்பது பொருந்தாது. குறிப்பேட்டில் நாளிட்டு ஒரு வரி எழுதலாம். அம்மாவிடம் சொல்லலாம்; அவருக்குத் தேர்வின் பெயர் தெரியாமலிருக்கலாம், மகளின் முகம் தெரியும். உடன் பயிலும் தோழி இன்று முதன்முறையாக ஒரு சட்டப் பத்தியை அகராதியின்றிப் படித்தார் எனில், இருவருமாகத் தேநீர் அருந்தலாம். இவை செலவற்றவை, மறுநாள் படிப்பைக் குலைக்காதவை.

அண்மை ஆண்டுகளில் இத்தேர்வு டிசம்பர் திங்களில் நடைபெற்று வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வும் ஏறத்தாழ அப்பொழுதுதான். பதினோராம் வகுப்பில் உள்ளவர்க்கு இடையே ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு தலையங்கம் என்றாலும் முந்நூறைத் தாண்டும்.

கற்பவை கற்றபின்...

1. ஆங்கில நாளிதழ் ஒன்றின் தலையங்கத்தைப் படிக்க ஆகும் நேரத்தை இரு வாரங்கள் நாள்தோறும் குறித்து, வரைபடமாக வரைந்து வகுப்பில் காட்டுக.

2. நான்கு விடைகளுள் ஒன்றை மட்டும் விலக்க முடிந்தால் சராசரியாகக் கிடைக்கும் மதிப்பெண் எவ்வளவு? கணக்கிட்டு, கட்டுரையில் உள்ள எண்களோடு ஒப்பிடுக.