எருமையின் காதுப்புண்: ஊசிக்கு முன் கவனம்

எருமையின் காதில் புண் ஏற்பட்டு, மாதக்கணக்கில் ஆறாமல் அரிப்பும் நீர்க்கசிவுமாக இருந்தால், அதற்குத் தோலுக்குள் வாழும் 'ஸ்டெபனோபைலேரியா' என்னும் நுண்ணிய உருண்டைப்புழு காரணமாக இருக்கலாம். புண்ணில் மொய்க்கும் ஈக்களே இப்புழுவை மற்ற மாடுகளுக்குப் பரப்புகின்றன. புண்ணைச் சுரண்டி, நுண்ணோக்கியில் பார்த்து நோயை உறுதி செய்யலாம்.

புழுவைக் கட்டுப்படுத்த ஐவர்மெக்டின் ஊசி மருந்து பயன்படுகிறது. 1 சத மருந்தானால் 50 கிலோ உடல் எடைக்கு 1 மி.லி. வீதம் தோலுக்கடியில் மட்டுமே போட வேண்டும். ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வலியும் காணலாம். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். எடையைக் குத்துமதிப்பாகக் கூட்டி அளவை மீறினால் தள்ளாட்டம், சோர்வு போன்ற நச்சு அறிகுறிகள் தோன்றலாம்.

இம்மருந்து பாலில் கலந்து வெளியேறும். ஆகவே, மனிதர்கள் குடிக்கும் பாலைத் தரும் கறவை எருமைக்கு இதனைப் போடக்கூடாது. சினை எருமையானால் ஈனும் நாளையும், இறைச்சிக்கு விற்பதானால் அதனையும் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கறவை எருமைக்கு ஏற்ற மாற்று மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். அதுவரை புண்ணைத் தினமும் கழுவி, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி வரலாம். சாணத்தை அன்றாடம் அகற்றினால் ஈ குறையும்; நோய் பரவுவதும் குறையும்.