சிற்றறையில் ஒரு திரையரங்கு

கேள்வி: 12 அடிக்கு 10 அடி அறையில் ஹோம் தியேட்டர் வைக்க 5.1 போதுமா, 7.1 வேண்டுமா?

பதில்: 5.1 தாராளமாகப் போதும். வசனங்களில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரின் வழியாகவே வருவதால், கடைக்காரர் சப்-ஊஃபரை அதிரவிட்டுத் தங்கள் சித்தத்தை மயக்க முற்படுகையில் அதற்கு வசப்படாமல், பரிச்சயமான ஒரு படத்தின் உரையாடல் காட்சியைத் தணிந்த ஒலியில் போடச்சொல்லி, ஒவ்வொரு சொல்லும் ஸ்பஷ்டமாகக் கேட்கிறதா என்று பரீட்சித்த பின்னரே விலை பேசுவது உசிதம். சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும், திரையை நோக்கி அமர்ந்தவருக்கு இருபுறமும் சற்றே பின்தள்ளி, ஏறக்குறைய 110 பாகைக் கோணத்தில் நிற்கவேண்டும், 7.1-இல் கூடுதலாக வரும் பின் ஸ்பீக்கர்களுக்கோ, சோபாவின் முதுகு சுவரோடு ஒட்டிக்கிடக்கும் சிற்றறையில் ஸ்தானமே இல்லை. சப்-ஊஃபரை மூலையில் தள்ளினால் முழக்கம் பெருகும், தெளிவு குன்றும். அண்டை வீட்டாரின் சகிப்புத்தன்மை வேறு விஷயம். மிச்சமாகும் பணத்தில், எதிரொலி அடங்க, கனத்த ஜமக்காளம் ஒன்று வாங்கி விரியுங்கள்.