நிலத்திலுள்ள கற்களை அளவறிந்து பெயரிடுதல்

நிலத்தை விலை பேசும்போதும், குத்தகைக்கு விடும்போதும், கல் அகற்றக் கூலி முடிவு செய்யும்போதும் "கல்லு நிலம்" என்னும் ஒரே சொல்லே பெரும்பாலும் வழங்கி வருகிறது. இதனால் விளையும் வழக்குகள் கொஞ்சமல்ல. விற்பவர் மனத்திலிருப்பது எலுமிச்சங்காயளவுள்ள சரளை. வாங்கியவர் ஏர் பூட்டியபின் காண்பதோ நால்வர் கூடியும் அசைக்க இயலாத பாறாங்கல்.

1922-ஆம் ஆண்டில் வென்ட்வொர்த் என்னும் அமெரிக்க பூகர்ப்ப சாஸ்திரி, களிமண் முதல் பாறாங்கல் ஈறாக யாவற்றையும் விட்டத்தைக்கொண்டு வகுத்து வெளியிட்டார். வயலுக்கு அதனினும் வசதியானது அந்நாட்டு மண் ஆராய்ச்சியாளர் கையாளும் எல்லைகளேயாம். அதன்படி 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவது மண். அதற்கு மேல் 3 அங்குலம் வரையில் சரளை. 3 முதல் 10 அங்குலம் வரை உருளைக்கல். 10 அங்குலம் முதல் 2 அடி வரை குண்டுக்கல். அதற்கு மேற்பட்டது பாறாங்கல். நீளம், அகலம், கனம் என்னும் மூன்றில் நடுத்தரமானதையே அளத்தல் வேண்டும். பலகைபோன்ற கல்லாயின் மூன்றையும் எழுதிவிடுவது நலம்.

இவ்வெல்லைகள் வேலைக்கும் பொருந்துவன. உருண்டையான கருங்கல் 3 அங்குல விட்டமாயின் சுமார் 600 கிராம் நிறையுள்ளது; 10 அங்குலமாயின் 22 கிலோ; 2 அடியாயின் 300 கிலோ. விட்டம் இரட்டித்தால் நிறை எட்டு மடங்காகும் என்பதைப் பலரும் கருதுவதில்லை. உருளைக்கல்லை ஓராள் கூடையிலெடுத்து வரப்பில் போடலாம். குண்டுக்கல்லுக்குக் கடப்பாரையும் துணையாளும் வேண்டும். ஆகவே கூலி ஒப்பந்தத்தில் "பெரிய கல், சிறிய கல்" என்றெழுதுவது எழுதாமைக்கு ஒப்பாகும்.

பாறாங்கல் வேறு, பாறை வேறு. முன்னது தனித்துக் கிடப்பது. பின்னது பூமியோடு ஒன்றியது. ஓரத்தில் ஒரு முழம் தோண்டிப் பார்த்தால், பாறாங்கல் பெரும்பாலும் உள்நோக்கி வளையும். பாறை கீழே செல்லச் செல்ல விரியும். இதைப் பாராமல் கிணற்றுக்கு இடம் குறிப்பவர் வெடிமருந்துச் செலவுக்கு ஆளாவார்.

சரளையைப்பற்றி மற்றொன்று. மண் பரிசோதனை 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கிய மண்ணுக்கே செய்யப்படுகிறது. ஓரடி ஆழத்தில் கன அளவில் மூன்றிலொரு பங்கு கல்லாயின், பயிருக்குக் கிடைக்கும் மண் எட்டு அங்குலமே. நீரையும் அவ்வளவே தேக்கும். எனவே ஒரு தடவைக்குக் குறைத்து, அடிக்கடி பாய்ச்ச வேண்டும். ஆயினும் மானாவாரி நிலத்தின் மேற்பரப்பிலுள்ள சரளையை ஒன்றுவிடாமல் பொறுக்குவது வீண் வேலை. அது மழைத்துளியின் மோதலைத் தாங்கி, ஈரம் ஆவியாவதையும் குறைக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கத்துச் சுக்கான்கல்லைச் சாதாரணச் சரளையோடு சேர்த்தெழுதலாகாது. அது சுண்ணாம்புடையதாதலால், நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டால் நுரைக்கும்.

எல்லைக்கு அடையாளம் எழுதுவோர், ஓராள் தூக்கக்கூடிய எந்தக் கல்லையும் ஆதாரமாகக் கொள்ளலாகாது. "பெரிய கல்லுக்கு அருகே" என்பதற்குப் பதிலாக, "பாறாங்கல், அகலம் 3 அடி, தரைமேல் உயரம் 2 அடி, அதன் வடமுனையிலிருந்து சர்வே கல் கிழக்கே 14 அடி" என்றவாறு குறிக்க வேண்டும். இயன்றால் வேறொரு நிலையான பொருளிலிருந்தும் தூரத்தை அளந்து சேர்த்தல் உத்தமம்.